பாட்டும் பண்டுவமும்: வாசகர் கேள்வி – பதில்

மேடையில் கவிதை நிகழ்த்துவதையும், உடலையும் உள்ளத்தையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவத்தையும் ஒருசேர வாழ்க்கையாக்கிக்கொண்டவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுக் கொங்கு வட்டார வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தனர். ஈரோட்டுப் பகுதியில் பதிவு பெற்ற சித்த மருத்துவராகப் பணியாற்றுபவரும், கவியரங்க மேடைகளில் பாடி வருபவருமான நம் பத்தியாசிரியர் விடையளிக்கிறார்.

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி): அம்மா அவர்களுக்கு வணக்கம். கவிதை நிகழ்த்துகிறவரே வைத்தியமும் பார்ப்பது அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த மோஸ்தர் என்று என் மகன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் கருத்து என்ன?

பதில்: தங்கள் மகன் சொல்வதில் ஒரு பகுதி சரிதான். இன்று கோவையின் காப்பிக் கடைகளில் இளைஞர்கள் நடத்தும் கவிதைப் போட்டியின் வடிவம் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பிறந்தது. கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர் 1984இல் ஒரு மதுக்கூடத்தில் அதைத் தொடங்கி, 1986இல் கிரீன் மில் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். பார்வையாளர்களிலிருந்தே ஐந்து பேரை நடுவர்களாக்கி, பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதியைக் கூட்டுவதும், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வரையறுப்பதும் அங்கிருந்து வந்த விதிகள்.

ஆனால் பாட்டும் மருந்தும் ஒரே தொண்டையில் குடியிருப்பது நம் பகுதிக்குப் பழைய செய்தி. சித்த மருத்துவ நூல்கள் ஏறக்குறைய எல்லாமே செய்யுளில் அமைந்தவை. அகத்தியர் 2000, போகர் 7000 என்று பாடல் எண்ணிக்கையே பெயராக நிற்கும் அளவுக்கு அந்த மரபில் மருத்துவம் என்பது மனப்பாடம் செய்து வாயால் சொல்லும் கலையாக இருந்தது. காங்கேயத்துக்கு அருகிலுள்ள ஊதியூர் மலையைக் கொங்கணரோடும், மருதமலைக் குகையைப் பாம்பாட்டிச் சித்தரோடும் நம் மக்கள் இணைத்துப் பேசுகிறார்கள். அந்தக் கதைகள் அனைத்தையும் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பாடுகிறவரும் மருந்து அரைக்கிறவரும் ஒருவரே என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த வியப்பும் இருந்ததில்லை என்பதை அவை காட்டுகின்றன. நோயறியச் சித்த மருத்துவர் செய்யும் எண்வகைத் தேர்வில், நாடி, ஸ்பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றோடு மொழியும் ஒன்று. நோயாளியின் குரல் உரத்திருக்கிறதா, தழைந்திருக்கிறதா, சொல் தடுமாறுகிறதா என்று செவியால் ஆராய்வது அங்கே பாடத்தின் ஒரு பகுதி.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுகிறவர், கொங்கில் குடிமகன் என்று அழைக்கப்படும் ஊர் நாவிதர்தான். கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் சீர்களை நடத்த, கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் நின்று பாடுவதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். கல்யாணச் சடங்குகளை வரிசை தவறாமல் பாட்டாகச் சொல்லிச் செல்லும் அந்த நெடும்பாடலை ஏட்டைப் பார்க்காமல் நிகழ்த்துகிறவரை நிகழ்த்துகவிஞர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அவருடைய குடும்பத்து ஆண்கள்தாம் ஊரில் கட்டி அறுத்துப் பண்டுவம் பார்த்தார்கள். பெண்கள் பேறுகாலம் பார்த்தார்கள். மருத்துவர் என்றே அச்சமூகத்துக்குப் பெயர் வழங்கியிருக்கிறது. பாட்டு, பண்டுவம் இரண்டையும் அவர்களிடம் வாங்கிக்கொண்ட ஊர், அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை. இன்று நகரத்துப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் செய்தால் புதுமை என்று பாராட்டுகிறோம். ஊரில் அதைச் செய்துவந்தவர்களைத் திண்ணையில் ஏற்றவில்லை. தங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி (தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்): கவிதை கேட்டால் அல்லது எழுதினால் நோய் குறையும் என்பதற்குச் சான்று உண்டா, அல்லது இது வெறும் நம்பிக்கைதானா?

பதில்: சான்று உண்டு, அதன் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மருந்தாளுநராகவும் வழக்கறிஞராகவும் கவிஞராகவும் இருந்த ஈலை கிரைஃபர் என்பவர், 1950களில் அங்குள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் கூட்டிவைத்துக் கவிதை வாசிக்கச் செய்தார். 1959இல் ஜாக் லீடி என்ற மனநல மருத்துவருடன் சேர்ந்து அதை முறையான சிகிச்சைக் குழுவாக்கினார். கவிதைச் சிகிச்சை என்று இன்று அழைக்கப்படுவது அங்கிருந்துதான் கிளைத்தது. அடுத்து, 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம், நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாட்கள், வாழ்வில் நேர்ந்த கடும் துயரத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய உடனே அவர்களுடைய மனநிலை தாழ்ந்தது; ஆனால் அடுத்த சில மாதங்களில், சாதாரணச் செய்திகளை எழுதியவர்களைவிட அவர்கள் கல்லூரி மருத்துவரை நாடிச் சென்றது குறைந்திருந்தது. பின்னால் பலர் பலமுறை சோதித்துப் பார்த்ததில், இந்தப் பயன் இருக்கிறது, ஆனால் சிறியது என்பதே தெரிய வந்தது.

மூன்றாவதாக ஒன்று பாடுகிறவர்களுக்கு நேராகப் பொருந்தும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள், நலமாக இருந்த 23 பேரை இலத்தீன் ஜெபமாலை மன்றாட்டையும் ஒரு யோக மந்திரத்தையும் வாய்விட்டுச் சொல்லச் செய்து அளந்தனர். இரண்டிலுமே மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயலும் வலுப்பட்டது. சமயமும் மொழியும் வேறாக இருந்தும் விளைவு ஒன்றாக இருந்ததால், பலனளித்தது ஓதுதலின் நிதானமான தாளமே என்று கொள்ளலாம். மெல்ல நீட்டிப் பாடும் எந்தப் பாட்டும் மூச்சைத் தாழ்த்தும் என்பதை நம் தாலாட்டுக்காரப் பாட்டிகள் ஆய்வு இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இவ்வளவுதான் சான்று. இதைக் கொண்டு புற்றுநோய் கரையும், சர்க்கரை இறங்கும் என்று யாராவது சொன்னால் அது பொய். எங்கள் பகுதி நூற்பாலைகளில் பல ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு இறுகி வருகிறவர்களுக்கு, எவ்வளவு உயர்ந்த கவிதையாலும் நுரையீரலைத் திருப்பித் தர முடியாது. அவர்களுக்கு வேண்டியது நுரையீரல் பரிசோதனையும், தூசு இல்லாத வேலையிடமும். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்தை நான்காக வள்ளுவர் பிரித்தாரே, அதில் கவிதையின் இடம் நான்காமவருடையது. படுக்கையருகே இருந்து, மருந்தை நேரத்துக்குக் கொடுத்து, மனம் தளராமல் பார்த்துக்கொள்கிறவரின் இடம். அந்த இடம் சிறிதென்று நான் எண்ணவில்லை. தீர்ப்பவரின் நாற்காலியில் அது ஏறி உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கேள்வி (காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி): எங்கள் மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரமாகிறது. சில நாட்களாக இராத்தூக்கமே இல்லை. யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறாள். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று அழுகிறாள். உடுக்கை அடித்துப் பாடும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து மூன்று இரவு பாட வைத்தால் சரியாகிவிடும் என்று ஒறம்பரையெல்லாம் சொல்கிறார்கள். தாங்களும் பாட்டால் குணமாகும் என்கிறவர்தானே, செய்யலாமா அம்மா?

பதில்: இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே இந்த வாசகியின் வீட்டாருக்குத் தொலைபேசியில் விடை சொல்லிவிட்டோம், அச்சிடுவது மற்ற வீடுகளுக்காக. பேறுகாலத்துக்குப் பின் ஆயிரம் தாய்மாரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் கடுமையான மனநோயின் அடையாளங்கள் இவை. பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் திடீரென்று தொடங்கும். இது அவசர மருத்துவம். மூன்று இரவு காத்திருக்கும் நோய் அன்று. அன்றைக்கே மனநல மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரையில் தாயையும் சேயையும் தனியாக விடக் கூடாது. கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வண்டிக்கு 108, மனநல ஆலோசனைக்கு 14416. முறையாக மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் முழுமையாக நலமடைந்துவிடுகிறார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்கள் நம்ப வேண்டும். என்னுடைய சூரணமும் என்னுடைய பாட்டும் இங்கே முதல் உதவி ஆகமாட்டா.

உடுக்கைப் பாட்டை நான் இழிவாகப் பேசுவதாக அந்தப் பெரியவர் எண்ண வேண்டாம். அண்ணன்மார் கதையை இரவிரவாக உடுக்கையோடு பாடும் கலைஞர்களிடமிருந்து கற்றுக்கொள்ள என்னைப் போன்ற மேடைக் கவிஞர்களுக்கு நிறைய இருக்கிறது. பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதை பாடப்பட்டதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கதைத் தலைவர்களான பொன்னரும் சங்கரும் மாய்ந்துபோகும் படுகளக் கட்டம் வரும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் தன்னிலை மறந்து பிணம்போல் விழுவதும், அந்த அண்ணன்மாரின் தங்கை தங்காளின் பெயரால் தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவதும் வீரப்பூரில் இன்றும் நடக்கின்றன. ஊரே ஒரு சாவைச் சேர்ந்து அழுது, சேர்ந்து எழுந்து போகும் அந்த ஏற்பாட்டில் துயரத்தை ஆற்றும் வலிமை இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாத மனத்தாங்கலைச் சாமியின் பெயரால் சொல்லிவிடும் வாய்ப்பை எத்தனையோ பெண்களுக்குக் கோடாங்கியின் உடுக்கை கொடுத்திருக்கிறது என்பதும் உண்மை.

அதே நம்பிக்கையின் இன்னொரு முகத்தையும் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், குணமாகும் என்று தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடும் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கித் தப்ப வழியின்றி இறந்தார்கள். நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது என்று ஒருவர் தொடங்கினால் அவர் பாடகராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுங்கள். தங்கள் மருமகள் தேறி வந்து, அவளே விரும்பினால், அடுத்த நோம்பிக்கு அந்தப் பெரியவரை அழைத்து ஊர்த் திடலில் கதை பாடச் சொல்லுங்கள். முடிந்தால் நானும் வந்து கேட்கிறேன்.

கேள்வி (கோவைக் கல்லூரி மாணவி ஒருவர்): மேடையில் கவிதை சொல்வதும் பிறரைக் குணப்படுத்துவதும் இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஒரு வார இறுதிப் பயிற்சியில், ரெய்கி என்ற கைவைப்புச் சிகிச்சைக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இதையே தொழிலாகக் கொள்ளலாமா? வீட்டில் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

பதில்: உன் அம்மா பக்கம்தான் நான் பாதிக்கு மேல் சாய்கிறேன், அம்மணி. வார இறுதிச் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். அதைக் காட்டி நோயாளியிடம் பணம் வாங்குவது தகாது. சித்த மருத்துவப் பட்டப் படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. நீட் தேர்வு எழுதிச் சேர வேண்டும். முடித்தபின் மருத்துவக் குழுமத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு எண் இருந்தால், தவறு செய்கிறபோது நம்மைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கும். ரெய்கி போன்றவற்றுக்கு அப்படிப்பட்ட அரசுப் பதிவு எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்தவர்கள்கூடத் தகுதியும் பதிவும் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்று, கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடர்ந்த வழக்கில் 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் சில நல்ல கைகள் ஓய்ந்துபோயின என்ற வருத்தம் எனக்கு உண்டு. என்றாலும் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அதை எதிர்க்க எனக்கு வாய் வரவில்லை.

பிழைப்பைப் பொறுத்தவரை, கவிதை மேடை ஒரு குடும்பத்தை நடத்தும் அளவுக்குப் பணம் தராது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் தரும். சில வேளைகளில் பேருந்துக் கட்டணம் தரும். ஆகவே மருந்து சோறு போடட்டும், பாட்டு அதன் போக்கில் போகட்டும் என்பது என் கருத்து. இதற்கு நம்மிடையே பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் சித்த மருந்துகள் செய்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அந்தப் பணத்தைக் கொண்டு 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை மாநாடுகளைத் தம் செலவில் கூட்டினார். தமிழிசை பற்றிய கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை 1917இல் வெளியிட்டார். நீயும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனித்தனியாக: பார்வை நேரத்தில் மருத்துவர், மாலை மேடையில் கவிஞர்.

மருத்துவம் படிக்க விருப்பமில்லை என்றால் உளவியலோ சமூகப் பணியோ முறையாகப் படித்து, மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கவிதைக் குழு நடத்தலாம். நாட்டில் இப்போது அதற்குத்தான் ஆள் குறைவு.

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்): மேடையேறும் நாட்களில் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், மேடைக்கு முன்னால் மெல்லிய முனகலில் தொடங்கிக் குரலைப் பதப்படுத்துங்கள், ஒலிபெருக்கி இருக்கும்போது கத்தாதீர்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் குரல்நாணுக்குச் சுமைதான், பேசாமல் இருப்பதே நல்லது. சளியோடு கூடிய கட்டுக்கு ஆடாதோடை நல்ல மருந்து. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் அலோபதியின் சளி மருந்தான புரோம்ஹெக்ஸின் உருவானது. பாடகர்கள் வாயிலேயே அடக்கிவைத்திருக்கும் அதிமதுரத்தில் எச்சரிக்கை வேண்டும். நாள்தோறும் தொடர்ந்து தின்றால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். வெற்றிலையோடு புகையிலை போடுபவரானால் முதலில் அதை விடுங்கள். மூன்று வாரத்துக்கு மேலும் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிடுவது கட்டாயம்.

கேள்வி (சென்னிமலையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் ஊர் விழாவில் ஒருவர் அருமையாகக் கவிதை சொன்னார். முடிந்ததும் சர்க்கரை நோயை வேரோடு போக்கும் என்று ஒரு சூரணத்தை விற்று, மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னார். என் மனைவி வாங்கிவிட்டார். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று முதலில் தங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு வழக்கமான மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு உள்ளிட்ட 54 நோய்களைப் போக்குவதாக மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. டப்பாவின் மேல் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் திறக்காமல் மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடம் கொடுத்துப் புகார் எழுதித் தாருங்கள். இத்தகைய சூரணங்களில் சில வேளைகளில் அலோபதி மாத்திரையையே பொடித்துக் கலந்திருப்பார்கள். அதனால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

கவிதை நன்றாக இருந்தது என்கிறீர்கள். நன்றாகத்தான் இருந்திருக்கும். அரைமணி நேரம் கூட்டத்தைக் கண்கலங்க வைத்த குரலை அடுத்த நிமிடமே யாரும் சந்தேகிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். மேடையிலிருந்து இறங்கியவுடன் மருந்து விற்பதில்லை, நோய்க்குறி சொல்வதில்லை என்று நான் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக்கு இதுவே காரணம். யாராவது நாடி பார்க்கக் கையை நீட்டினால், மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அது செருக்காகப் படுகிறது.

கேள்வி (அவிநாசியிலிருந்து ஒரு சித்த மருத்துவர்): என்னிடம் வரும் நோயாளிகளின் கதைகளைக் கவிதையாக்கி மேடையில் சொல்கிறேன். பெயரை மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. நம் ஊர்களில் தறிக்குடோன், மூன்றாவது மகள், பங்காளிச் சண்டை என்று மூன்று குறிப்பு சொன்னாலே ஆள் யாரென்று பக்கத்து வரிசைக்குத் தெரிந்துவிடும். பெயரோடு ஊர், தொழில், உறவுமுறை, நோய் எல்லாவற்றையும் மாற்றினாலும் உரியவர் கேட்டால் தன் கதை என்று அறிவார். ஆகவே எழுதியதை முதலில் அவரிடமே படித்துக் காட்டி இசைவு பெறுங்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் காலத்தில் கேட்காதீர்கள். மருந்து தருகிறவரிடம் மறுத்துச் சொல்ல யாருக்கும் தயக்கமாக இருக்கும். முடிந்து சில மாதம் கழித்துக் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் அந்தக் கவிதையை நோட்டிலேயே விட்டுவிட்டு வேறொன்றை மேடைக்கு எழுதிக்கொள்ளுங்கள்.